'யோசிச்சுச் சொல்றேன்' என்று போனவர்களிடம் கற்றுக்கொள்வது எப்படி: இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகளுக்கு

இன்சூரன்ஸ் பேசப் போன வீட்டில் "எனக்கு வேண்டாம், கிளம்புங்க" என்று நேரே சொல்பவர் அபூர்வம். காபி கொடுப்பார்கள், பையனின் மார்க்கைச் சொல்வார்கள், நீங்கள் நீட்டிய நோட்டீஸை வாங்கி டிவி மேல் வைப்பார்கள், அப்புறம் "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்பார்கள். "ஆடி முடியட்டும்", "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுடறேன்", "என் மச்சினனே ஏஜென்ட்டுதான், தெரிஞ்சா கோவிச்சுக்குவான்", "பொண்ணு கல்யாணம் முடியட்டும் பார்ப்போம்". இதில் எதுவும் முழுப் பொய் கிடையாது, ஆனால் உண்மைக் காரணம் இதில் இருப்பதும் குறைவு. வீடு தேடி வந்தவரை முகம் வாட அனுப்பக் கூடாது என்கிற மரியாதை அது, அவ்வளவுதான். புதிதாக வந்த ஏஜென்ட் அதை அப்படியே நம்பி ஆவணி முதல் தேதி காலையில் போன் அடிப்பார், மணி அடித்து ஓயும், இவர் சோர்ந்துபோவார்.

என் கணிப்பு என்னவென்றால், விலை ஒத்துவராமல் போன பாலிசி கொஞ்சம்தான். நம்பாமல் போனதுதான் அதிகம், அந்த நம்பிக்கை விட்டுப்போன நிமிடத்தை நீங்கள் உட்கார்ந்து பேசிய அந்த முக்கால் மணி நேரத்துக்குள்ளேயே தேடிக் கண்டுபிடிக்கலாம். தேட ஒரு வழி இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கே எழுதி வையுங்கள்

வண்டியை எடுப்பதற்கு முன்னால், தெருமுனையில் நின்றாவது, ஐந்து வரி எழுதுங்கள். டைரியோ போனோ எதுவானாலும் சரி. ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மனசு அதற்குள் ஒரு கதை கட்டிவிடும், "அந்த ஆள் கஞ்சன்" என்று எழுதி மூடிவிடுவீர்கள். எழுதவேண்டியது உங்கள் கருத்தை இல்லை, நடந்ததை. அவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், எந்த இடத்தில் அவர் கேள்வி கேட்பதை நிறுத்தினார், அறையில் வேறு யார் இருந்தார்கள். மாதிரிக்கு ஒன்று, திருப்பூர்ப் பக்கம் நடந்ததாக வைத்துக்கொள்வோம்:

"செவ்வாய், மாலை 6.40. பனியன் தையல் யூனிட் ஓனர், வயது 41, இரண்டு பெண் குழந்தைகள். டேர்ம் பாலிசி 1 கோடி. நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 'நடுவுல ஒரு வருஷம் கட்ட முடியலைன்னா என்னாகும்?' என்றார். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்றேன். அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. வீட்டம்மா அடுப்படியில். பேச்சின் நடுவே விளக்கு வைத்தார்கள். 'பேங்க் லோன் ஒண்ணு ஓடுது, முடிச்சிட்டுக் கூப்பிடறேன்.'"

இந்தக் குறிப்பை நிதானமாகப் படித்தால் காரணம் லோன் இல்லை என்று தெரியும். அவர் கேட்ட ஒரே உண்மையான கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆர்டர் வரும்போது வேலை, இல்லாதபோது ஷெட்டைப் பூட்டி வைக்கவேண்டியது என்று ஓடுகிற தொழிலில், கட்ட முடியாமல் போகும் வருடம்தான் அவருடைய முதல் பயம். அதற்குப் பதில் இருக்கிறது: வருடப் பிரீமியம் என்றால் கெடு தேதிக்கு மேல் 30 நாள் சலுகை, மாதப் பிரீமியம் என்றால் 15 நாள், அந்த நாட்களில் அசம்பாவிதம் நடந்தாலும் கிளெய்ம் உண்டு. அதையும் தாண்டினால் பாலிசி லேப்ஸ் ஆகும், அதாவது செயலிழந்துவிடும், இறந்தால் மட்டும் பணம் தருகிற டேர்ம் பாலிசியில் கட்டிய பணம் திரும்பி வராது, ஆனால் கட்டாமல் விட்ட முதல் தவணையிலிருந்து 5 வருடத்துக்குள் பாக்கியை வட்டியோடு கட்டி, உடல்நிலை சரியாக இருப்பதைக் காட்டினால் உயிர்ப்பித்துக்கொள்ளலாம். "கட்டின பணம் திரும்பி வராது" என்று சொல்ல வாய் கூசியதால்தான் "பார்த்துக்கலாம்" வந்தது. தொழில் செய்கிற ஆளுக்கு "பார்த்துக்கலாம்" என்ற வார்த்தையின் விலை நன்றாகத் தெரியும், தினமும் பத்துப் பேர் அவரிடம் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

லோன் விஷயமும் அப்படித்தான். கடன் இருப்பதால் பாலிசி வேண்டாம் என்று அவர் சொன்னபோது, கடன் இருப்பதால்தான் வேண்டும் என்று வசனம் பேசாமல், திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம் என்று 1874லிருந்தே ஒன்று இருக்கிறது, அதன்கீழ் மனைவி குழந்தைகள் பெயருக்கு எழுதிவைத்த பாலிசிப் பணத்தைக் கடன்காரர்கள் பொதுவாகத் தொட முடியாது என்று சொல்லியிருந்தால் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டிருப்பார். அதைப் பாலிசி எடுக்கும்போதே எழுதிக்கொடுக்கவேண்டும், பின்னால் சேர்க்க முடியாது. இது தெரியாத ஏஜென்ட்டுகள் நிறையப் பேர்.

எங்கெங்கே நழுவுகிறது

மாதக் கடைசியில் இந்தக் குறிப்புகளை வரிசையாகப் படியுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓட்டை வேறு இடத்தில் இருக்கும், ஆனால் எல்லோருக்கும் பொதுவாகச் சில இடங்கள் உண்டு.

வீட்டம்மா அடுப்படியில் இருக்கும்போது பேசி முடிப்பது முதல் இடம். நாளைக்குக் கிளெய்ம் ஃபார்மில் கையெழுத்துப் போடப்போவது அந்த அம்மாதான், அவர் காதில் "ஒரு கோடி", "டெத்" என்ற இரண்டு வார்த்தை மட்டும் குக்கர் விசிலுக்கு நடுவில் விழுந்தால், நீங்கள் போன பிறகு "எதுக்குங்க அந்தப் பேச்சு" என்பதோடு கதை முடிந்தது. "அக்கா, நீங்களும் உட்காருங்க, உங்களுக்காகத்தான் இந்தப் பேச்சே" என்று ஒரு வார்த்தை. அவர் வேலையாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள், நஷ்டமில்லை.

நேரம் காலம் பார்ப்பதும் அதில் சேர்த்தி. விளக்கு வைக்கிற நேரத்தில், அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், சாவைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்த வீட்டுப் பாட்டிக்கு இருக்கும். செவ்வாய்க்கிழமை புதுக் காரியம் பேசாத வீடுகள் இன்னும் இருக்கின்றன, போனில் நேரம் கேட்கும்போதே "எந்த நாள் தோதுப்படும்" என்று அவர்களையே சொல்லவிடுங்கள். "நீங்க செத்துப்போனா" என்பதை எப்போதும் சொல்லவேண்டாம். "இந்த வீட்டு லோன் இன்னும் எத்தனை வருஷம் இருக்கு? பாப்பா காலேஜ் முடிக்கறப்ப வருஷம் என்ன?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதினால் போதும், மீதியை அவரே மனசுக்குள் முடித்துக்கொள்வார்.

அடுத்தது மெச்சூரிட்டிக் கணக்கு. இதில்தான் படித்த ஆட்களை இழக்கிறோம். வருடம் 50,000 வீதம் 20 வருடம், மொத்தம் கட்டுவது 10 லட்சம், முடிவில் 18 லட்சத்து 40 ஆயிரம் வரும் என்று ஒரு சேமிப்புப் பாலிசியைக் காட்டுகிறீர்கள் என்று வையுங்கள். "கிட்டத்தட்ட டபுள் சார்" என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். அவர் தலையாட்டுகிறார். நீங்கள் போனதும் பையன் போனில் தட்டிப் பார்த்து, "அப்பா இது வருஷத்துக்கு அஞ்சரை சதவீதம்தான்" என்கிறான். பாலிசி போனது பெரிதில்லை, ஐந்தரையை மறைத்தவர் என்ற பெயரோடு அந்த வீட்டில் நீங்கள் நின்றுபோவீர்கள். அதே எண்ணை நீங்களே முதலில் சொல்லுங்கள்: "சார், இது அஞ்சரை சதவீதக் கணக்கு. வருமானம் மட்டும்தான் பார்க்கறீங்கன்னா இது வேண்டாம். கட்டாயமா ஒரு தொகை ஒதுங்கணும், நடுவுல எனக்கு ஏதாவதுன்னா வீட்டுக்கும் கிடைக்கணும்னா இதைப் பார்க்கலாம்." போனஸ் உறுதியில்லாத பாலிசி என்றால் அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சிலர் எழுந்து போவார்கள், போகட்டும். உட்கார்ந்திருப்பவர் இருபது வருடம் கட்டுவார், லேப்ஸ் ஆகாது.

விலை இரண்டு தடவை மாறுவதும் பெரிய ஓட்டை. கம்ப்யூட்டரில் வந்த சாதா பிரீமியத்தைச் சொல்லிவிட்டு, மெடிக்கல் டெஸ்ட் முடிந்து சர்க்கரை, பிரஷர், புகையிலை என்று கம்பெனி கூடுதல் போட்டுக் கேட்கும்போது நமக்கு அது வழக்கமான விஷயம், அவருக்கு ஏமாற்று வேலை. முதல் நாளே "இது நல்ல ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கான விலை, டெஸ்டுக்கு அப்புறம் கூடலாம், கம்பெனி வேண்டாம்னும் சொல்லலாம்" என்று தாளில் எழுதிக் கொடுங்கள். அதேபோல ஐடி ரிட்டர்ன் இல்லாத கடைக்காரரிடம் ஒரு கோடி என்று ஆசை காட்டிவிட்டு, வருமானச் சான்று இல்லை என்று கம்பெனி கையை விரித்த பிறகு இருபத்தைந்து லட்சத்துக்கு இறங்கினால், அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தவே கூச்சமாக இருக்கும். வருமானத்துக்கு என்ன காகிதம் இருக்கிறது என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும், எவ்வளவுக்கு என்பது அப்புறம்.

"எங்க கம்பெனியிலயே இருக்கு" என்பவரிடம் வாதாடவேண்டாம். குரூப் பாலிசி வேலை போனால் கூடவே போய்விடும், தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐ மாதச் சம்பளம் 21,000 வரைக்கும்தான். இதைச் சொல்லிவிட்டு, "அந்தக் கார்டைக் கொண்டுவாங்க, அதுல என்ன இருக்குன்னு சேர்ந்து பார்ப்போம்" என்று கேளுங்கள். ரூம் வாடகை வரம்பு என்ன, அப்பா அம்மாவுக்கு உண்டா என்று அவருக்கே தெரிந்திருக்காது. நன்றாகவே இருக்கிறது என்றால் "உங்களுக்கு இது போதும்" என்று சொல்லவும் தயாராக இருக்கவேண்டும்.

கடைசியாக ரிபேட். "முதல் பிரீமியத்தை நீங்க கட்டிடுங்க, எடுத்துக்கறேன்" என்று கேட்டு, நீங்கள் மறுத்ததும் பக்கத்துத் தெரு ஏஜென்ட்டிடம் போனவரைத் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். 1938ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டம் 41ஆம் பிரிவு கமிஷனில் பங்கு கொடுப்பதைத் தடை செய்கிறது, மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ரிபேட் வாங்கிச் சேர்ந்தவர் அடுத்த வருடம் கட்டாமல் விடுவதும், கொடுத்த ஏஜென்ட் அடுத்த வருடம் எட்டிப் பார்க்காமல் இருப்பதும் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் பார்த்ததுதான்.

போனவரிடமே கேட்பது

குறிப்பு எழுதினாலும் பாதிதான் தெரியும், மீதியை அவர் வாயால் கேட்கவேண்டும். மறுநாளே கேட்டால் திரும்ப விற்க வந்துவிட்டான் என்று நினைப்பார். இரண்டு மூன்று வாரம் ஆறப்போடுங்கள். அப்புறம் ஒரே ஒரு வாட்ஸாப் செய்தி, போன் வேண்டாம்:

"அண்ணே வணக்கம். பாலிசி விஷயமா கேட்கலை, அது முடிஞ்சுபோச்சு. அன்னைக்கு நான் பேசினதுல எது உங்களுக்குச் சரியாப் படலைன்னு ஒரு வரி சொன்னீங்கன்னா, அடுத்த இடத்துல திருத்திக்குவேன்."

நிறையப் பேர் பதில் போடமாட்டார்கள். போடுகிறவர் சொல்வது சில சமயம் சுருக்கென்று இருக்கும்: "தம்பி, நீங்க என்னைப் பார்த்துப் பேசலை, டேப்லெட்டைப் பார்த்துப் பேசினீங்க." இதற்கு நீங்கள் அனுப்பவேண்டிய பதில் "சரிங்கண்ணே, ரொம்ப நன்றி" மட்டும்தான். "இல்லண்ணே, அன்னைக்கு நெட் ஸ்லோ" என்று ஒரு வரி விளக்கம் கொடுத்தாலும் போச்சு, அப்புறம் அவர் யாரிடமும் உண்மை சொல்லமாட்டார். "ஏன் எடுக்கலை" என்று கேட்பதும் கூடாது, அந்தக் கேள்வி அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும், திரும்பவும் ஆடி ஆவணி என்று ஆரம்பிப்பார்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உங்களை அந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தவர் ஒருவர் இருப்பாரே, ஆடிட்டரோ மளிகைக் கடை அண்ணாச்சியோ, அவரிடம் உண்மையைச் சொல்லியிருப்பார்கள். "ஆள் நல்ல பையன்தான், ரொம்ப அவசரப்படுத்தறான்" என்பது மாதிரி. குறிப்பாக மார்ச்சில். டார்கெட் முடிக்கவேண்டிய அவசரம் நம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும், "இந்த வாரத்துக்குள்ள போட்டா நல்லது சார்" என்றால் யாருக்கு நல்லது என்று அவருக்குத் தெரியாதா? ஃபிப்ரவரி, மார்ச் குறிப்புகளைத் தனியாக எடுத்துப் படித்துப் பாருங்கள், சங்கடமாகத்தான் இருக்கும்.

நம்பிக்கை எங்கே வருகிறது

புரோப்போசல் ஃபார்ம், அதாவது பாலிசிக்கான விண்ணப்பம், நிரப்பும் நேரத்தில்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு ஹெல்த் பாலிசி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், உடல்நலக் கேள்விகள் வருகின்றன, "எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுங்க" என்கிறார் அண்ணன். ஃபிரிட்ஜ் மேல் மெடிக்கல் ஷாப் கவர் ஒன்று இருக்கிறது.

"அந்தக் கவர்ல என்ன மாத்திரைண்ணே?"

"அது சும்மா... சுகர் பார்டர்ல இருக்குன்னு கொடுத்தாரு. அதைப் போடணுமா? போன தடவை வந்த ஏஜென்ட் வேண்டாம்னுட்டாரே."

இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று சொல்லுங்கள். நெஞ்சு வலி என்று ராத்திரி சேர்க்கிறார்கள், டியூட்டி டாக்டர் "எத்தனை வருஷமா சுகர்?" என்று கேட்கிறார், பதற்றத்தில் இருக்கிற அக்கா "நாலு வருஷமா மாத்திரை சாப்பிடறாரு" என்று உள்ளதைச் சொல்கிறார், அது கேஸ் ஷீட்டில் ஏறுகிறது, டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் பத்தியில் வருகிறது. கம்பெனி பார்ப்பது அந்த வரியைத்தான். உண்மையை எழுதியிருந்தால் பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கலாம், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருந்திருக்கும், அதுவும் 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி அதிகபட்சம் 36 மாதம்தான். மறைத்தால் மொத்த கிளெய்மும் நின்றுபோகலாம், பாலிசியே ரத்தாகலாம். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பிறகு மோசடி என்று நிரூபித்தால் ஒழிய மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது என்பது உண்மைதான். லைஃப் பாலிசியில் அதே இன்சூரன்ஸ் சட்டத்தின் 45ஆம் பிரிவு மூன்று வருடம் கழித்து எந்தக் காரணத்துக்காகவும் பாலிசியைக் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது, அதுவும் உண்மை. இதைப் பிடித்துக்கொண்டு "மூணு வருஷம் ஓட்டிட்டாப் போதும் சார்" என்று சொல்லி விற்கிறார்களே, அவர்களை என்ன சொல்வது. இரண்டாம் வருடம் எதுவும் ஆகாது என்று இவர்கள் எழுதிக் கொடுப்பார்களா?

இதைக் கேட்டுவிட்டு "அப்போ வேண்டாம் தம்பி, பிரீமியம் ஏறுதே" என்று அவர் சொல்லலாம். அன்றைக்கு அந்த பாலிசி போய்விடும். ஆனால் அதே தெருவில் யாருக்காவது கிளெய்ம் மறுக்கப்பட்டது என்று தெரிந்த நாளில் உங்கள் நம்பரைத் தேடுவார்.

பாண்டு, அதாவது பாலிசிப் பத்திரம், வந்த பிறகு கொரியர்காரரிடம் விட்டுவிடாமல் நீங்களே போய் உட்கார்ந்து பக்கம் திருப்புங்கள். பெயர், பிறந்த தேதி, நாமினி, எத்தனை வருடம் கட்டவேண்டும், உள்ளே இணைத்திருக்கும் புரோப்போசல் நகலில் அவர் சொன்ன பதில்தான் இருக்கிறதா. அப்புறம் நீங்களே சொல்லுங்கள்: "இது கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாள் இருக்கு, பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடலாம், மெடிக்கல் டெஸ்ட் செலவு, ஸ்டாம்ப், காப்பீடு இருந்த நாளுக்கான தொகை போக மீதி வந்துடும்." ஏஜென்ட் வாயாலேயே இதைக் கேட்டவர்கள் குறைவு. திருப்பிக் கொடுக்கிறவர்களும் குறைவுதான்.

சூடுபட்டவர்களைத் தனியாகக் கவனிக்கவேண்டும். வங்கியில் டெபாசிட் புதுப்பிக்கப் போன ஓய்வுபெற்ற வாத்தியார், "இதுல போட்டா வட்டி அதிகம் சார்" என்ற பேச்சில் கையெழுத்துப் போட்டு, அடுத்த வருடம் "பிரீமியம் கட்டுங்க" என்று மெசேஜ் வந்தபோதுதான் அது பத்து வருடம் கட்டவேண்டிய பாலிசி என்று தெரிந்துகொண்டவர். இப்படி ஒருவராவது உங்கள் ஊரில் இருப்பார். அவரிடம் விற்கவே போகாதீர்கள். பாண்டை வாங்கிப் பாருங்கள். கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள். தாண்டிவிட்டது என்றால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவு, அங்கே சரியாகவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் புகார் சேவை பீமா பரோசா, 155255 என்ற இலவச எண். விற்றவர்களைத் திட்டவேண்டாம், அவர் ஏற்கெனவே போதுமான அளவு திட்டியிருப்பார், நீங்களும் சேர்ந்துகொண்டால் நாளைக்கு நம்மையும் இப்படித்தான் யாரிடமாவது பேசுவான் என்று தோன்றும்.

பணம் இல்லாதவரிடம் பணம் கேட்காதீர்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். மத்திய அரசுத் திட்டங்களில் வங்கிக் கணக்கில் வருடம் 436 ரூபாய் பிடித்தால் 2 லட்சம் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் பிடித்தால் 2 லட்சம் விபத்துக் காப்பீடு. இதில் உங்களுக்குக் காலணா கிடையாது. அந்த அம்மா வேலை பார்க்கிற நாலு வீட்டில் உங்களைப் பற்றிப் பேச்சு வரும், அது வேறு விஷயம்.

திரும்பப் போவதற்கு ஒரு காரணம் வேண்டும்

தினமும் காலையில் பூப்படத்தோடு குட்மார்னிங் அனுப்புவது தொடர்பில் இருப்பது ஆகாது, மியூட் செய்துவிடுவார்கள். அவருக்குப் பயன்படுகிற செய்தி இருக்கும்போது மட்டும் போங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் லைஃப், ஹெல்த் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதற்கு முன் டேர்முக்கும் ஹெல்த்துக்கும் 18 சதவீதம் இருந்தது. அதற்கு முன்பு விலை கேட்டு விட்டுப்போனவர்களைக் கூப்பிட இது நியாயமான காரணம். ஆனால் இன்றைய விலையை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், அவருக்கு வயது கூடியிருக்கும், கம்பெனி அடிப்படை விலையை மாற்றியிருக்கலாம். வயதான அப்பா அம்மாவுக்கு ஹெல்த் பாலிசி எடுக்க "வருஷா வருஷம் ஏத்துவாங்களே" என்று பயந்து விட்டவர்களுக்கு இன்னொரு செய்தி: 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றவேண்டும் என்றால் ஐஆர்டிஏஐயிடம் கலந்து பேசிவிட்டுத்தான் ஏற்றவேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது.

வேறு இடத்தில் ஹெல்த் பாலிசி எடுத்துவிட்டார் என்றால் ரினியூவல் தேதியை மட்டும் நட்பாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு அங்கே திருப்தி இல்லை என்றால், காத்திருந்த காலத்தை இழக்காமல் வேறு கம்பெனிக்கு மாற்றி, அதாவது போர்ட், செய்துகொள்ளலாம், ரினியூவலுக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் விண்ணப்பிக்கவேண்டும். திருப்தியாக இருந்தால் விட்டுவிடுங்கள். லைஃப் பாலிசியை மட்டும் "அதை சரண்டர் பண்ணிட்டு இதை எடுங்க" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பழையதைப் பாதியில் விட்டால் நஷ்டம் அவருக்கு, புதியதில் மூன்று வருடக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும், கமிஷன் மட்டும் உங்களுக்கு. இதை அவர் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

இன்னொரு சந்தர்ப்பம் தானாக வரும், தேடிப் போகக் கூடாதது. உங்களிடம் எடுக்காமல் மச்சினனிடமே எடுத்தவர் வீட்டில் இழப்பு நேர்ந்துவிட்டது, அந்த மச்சினன் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை. காரியம் முடிகிற வரைக்கும் காகிதப் பேச்சு எடுக்காதீர்கள், போய் நின்றுவிட்டு வாருங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும் என்பதை மட்டும் வீட்டில் பொறுப்பாக இருக்கிறவர் காதில் போடுங்கள். அப்புறம் அவர்களாகக் கேட்டால் பட்டியல் எழுதிக் கொடுங்கள்: இறப்புச் சான்றிதழ், ஒரிஜினல் பாண்டு, நாமினியின் ஆதார், பான், பாஸ்புக் நகல் அல்லது கேன்சல் செய்த செக், ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் அந்தக் காகிதங்கள், விபத்து என்றால் எஃப்ஐஆரும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும். பாலிசி எடுத்து மூன்று வருடத்துக்குள் என்றால் கம்பெனி விசாரணைக்கு ஆள் அனுப்பும், அது வழக்கம்தான், பயப்படவேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கிளெய்மை மறுத்துக் கடிதம் வந்தால் அதோடு முடிந்துவிட்டது என்று பலர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் உள்ள, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஓம்பட்ஸ்மேன் அலுவலகம், தமிழ்நாடு முழுவதற்கும் அதுதான். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரங்களை எடுப்பார்கள், கம்பெனியின் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். புகாரை அந்த அம்மா பெயரில் நீங்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். மறுப்புக் கடிதத்தின் நகலையும் கம்பெனிக்கு அனுப்பிய புகாரின் நகலையும் கூடவே இணைக்க மறக்காதீர்கள்.